சமையலறைச் சுவரில் ஒரு கை

பிசின் யார் என்று அந்தத் தெருவில் கேட்டால் பெயின்ட் கடையைக் கைகாட்டுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. பள்ளிச் சான்றிதழிலும் வங்கிப் புத்தகத்திலும் அது பத்திரமாக இருக்கிறது. யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. ஆறாம் வகுப்பில் டீச்சரின் டஸ்டரைக் கரும்பலகையோடு சேர்த்து ஒட்டிவிட்டாள். டீச்சர் இழுத்த இழுப்பில் பலகை ஆணியோடு இறங்கி வந்தது. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தவை இரண்டு: உள்ளங்கையில் நாலு அடி, ஊருக்குள் ஒரு பெயர். அடி மறுநாளே ஆறிவிட்டது.

இப்போது வயது இருபத்து மூன்று. ஆறு வருடமாகப் பெயின்ட் கடை. கடையில் நிறம் கலக்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்த காரைத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தால், மெஷின் அதன்மேல் விளக்கடித்துப் பார்த்து, எதை எத்தனை சொட்டு கலக்க வேண்டும் என்று எண்களாகக் கக்கும். பிசின் அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போவாள். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். திரும்பி வந்து, "மெஷின் சொல்றதைவிடக் கருப்பு ஒரு சொட்டு கூடப் போடணும் முதலாளி" என்பாள்.

"லட்ச ரூபாய் மெஷினை விட உன் முட்டைக்கண்ணு பெருசா?" என்று முதலாளி ஆரம்பத்தில் எகிறினார். மெஷின் பேச்சைக் கேட்டு வாங்கிப் போனவர்களில் மூன்று பேர் டின்னோடு சண்டைக்கு வந்த பிறகு, மெஷின் தாளைக் கக்கியதும் அவர் முதலில் பார்ப்பது முட்டைக்கண்ணைத்தான். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், விளக்கில் ஒன்று, வெயிலில் ஒன்று. ஒரே பெயின்ட்டுக்கு நாலு முகம். நாலும் அவளுக்கு அத்துப்படி.

இது பகல் பிழைப்பு. மாலை ஆறு மணி அடித்தால் அவள் ஆளே வேறு.

தபால் நிலையத்துக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட கூடம் ஒன்று உண்டு. அங்கேதான் நாடகக் குழு. எழுதுவதும் இயக்குவதும் மருந்துக்கடைக்காரர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவார். அவர் எழுதும் நாடகத்தைத்தான் யாராலும் படிக்க முடியாது. "இதென்ன, 'அழுகிறாள்'னு போட்டிருக்கா, 'எழுகிறாள்'னு போட்டிருக்கா?" என்று நடிகர்கள் தலையைச் சொறிவார்கள். அவரும் வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்திரிச்சு நின்னு அழுதுருங்க, ரெண்டுக்கும் ஆகும்" என்பார்.

அந்தக் கூடத்தில் காடு வேண்டுமென்றால் காடு, கடல் வேண்டுமென்றால் கடல். செய்வது பிசின். புதுமெத்தையைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் உறைகளைச் சேர்த்துத் தைத்துக் கீழே மின்விசிறியை வைத்தாள், அலை அடித்தது. பெயின்ட் டின் மூடிகள் இருபத்தெட்டை வரிசையாகக் கோத்தாள், ரயில் ஓடியது. ஒரு நாடகத்துக்கு ரயில் நிலையக் காத்திருப்பு அறையைத் திரையில் வரைந்தாள். அதில் ஒரு பெஞ்சு. கால் ஆடும், ஓரம் உளுத்த, ஆயிரம் பேர் உட்கார்ந்து நடுவில் வழுவழுப்பான பெஞ்சு. முதல் காட்சியன்று, கதாநாயகனாக நடித்த தபால்காரர் வசனம் பேசிக்கொண்டே போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார். வரைந்த பெஞ்சு எத்தனை பேரைத் தாங்கும்? நடுமேடையில் பொத்தென்று விழுந்தார். கூட்டம் கைதட்டி ஓய்வதற்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அடுத்த காட்சியிலிருந்து அந்த விழுகையை மருந்துக்கடைக்காரர் கதையிலேயே சேர்த்துவிட்டார். தபால்காரர் இன்றைக்கும் இடுப்பைத் தடவிக்கொண்டு, "பாவி, இனிமே ஒரு சாய்வு நாற்காலி வரைஞ்சு வை, அதுலயாவது நிம்மதியா விழறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. நாடகம் முடிந்த மறுநாள் காலையில், கடைக்குப் போகும் முன் கூடத்துக்குப் போவாள். நடிகர்களின் எண்ணெய்த் தலை பட்ட இடம், செருப்பு உரசிய இடம், வியர்வைக் கை ஊன்றிய இடம் எல்லாவற்றையும் தேடித் துடைத்து, மேலே நிறம் தொட்டு ஆற்றுவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

"ஒரு சின்னக் கறைதானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டால், "நமக்குத்தான் இது பத்தாவது ஷோ. பாக்க வர்றவங்களுக்கு இதுதான் முதல்" என்பாள்.

அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்க்கப் பார்த்தது.

தெருவில் டிரைபாட் என்று ஒருவன். கேமரா நிற்கும் முக்காலி மாதிரி ஆள் கால் கால் என்று கால் மட்டுமாக வளர்ந்தவன். ஆறு வருடம் கல்யாண வீடியோ எடுத்தான். சாப்பிடும்போது கேமராவை நீட்டி நீட்டி ஊரில் பாதிப் பேரின் சாபத்தை வாங்கியவன். இப்போது இருபது நிமிடக் குறும்படம் ஒன்று எடுக்கக் கிளம்பியிருந்தான். அது நன்றாக வந்தால், நாற்பது நாள் படப்பிடிப்பில் ஒரு முழுப் படம் எடுக்கக் கம்பெனி ஒன்று சம்மதித்திருந்தது. அதில் கலை வேலைக்கு மாதச் சம்பளத்தோடு ஓர் ஆள் தேவை.

"குறும்படத்துக்கு நீ வா. உன் வேலையைப் பாத்துட்டு அடுத்ததுக்குச் சொல்றேன்" என்றான்.

அதே வாரம் பெயின்ட் கடை முதலாளியும் கூப்பிட்டார். பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இரண்டாவது கடை திறக்கிறார். பொறுப்பு முழுக்க அவளுக்கு. நேரம் காலை பத்திலிருந்து இரவு ஒன்பது. திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

அம்மா பள்ளிச் சீருடை தைப்பவர். தையல் மெஷினை நிறுத்தாமலே பேசும் வித்தை தெரிந்தவர்.

"ராத்திரி ஒம்பது வரைக்கும்னா நாடகத்துக்கு எப்படிம்மா போறது?"

"நாடகம் சோறு போடுதா?"

"இல்ல."

"கடை?"

"போடுது."

"அப்புறம் என்னடி யோசனை?"

பிசின் சுவரில் சாய்ந்து நகத்திலிருந்த பெயின்ட்டைச் சுரண்டினாள். மெஷின் நின்றது. அந்த வீட்டில் மெஷின் நின்றால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"சரி, கேளு. இந்தப் படத்தை முடி. அந்த நெட்டையன் அடுத்ததுக்குச் சம்பளம் போட்டுக் கூப்பிட்டான்னா போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். கூப்பிடலைன்னா திங்கக்கிழமை முதலாளிகிட்ட சரின்னு சொல்லிடணும். ரெண்டுல ஒண்ணு. நடுவுல நின்னுகிட்டு என் உசுரை வாங்காத."

மெஷின் மறுபடி ஓடியது. தீர்ப்பு ஆயிற்று.

படப்பிடிப்புக்குக் கிடைத்தது ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் வீடு. மனிதர் சுத்தத்தின் மறு உருவம். தோளில் எப்போதும் மஞ்சள் துணி ஒன்று. ஈ உட்கார்ந்து எழுந்த இடத்தைக்கூடத் துடைப்பார். அவருடைய சமையலறைக்குச் சுண்ணாம்பு அடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கதையில் வருவதோ இருபது வருடம் புகையேறிய சமையலறை. மகள் வெளியூர் வேலைக்குப் போகிறேன் என்கிறாள், தாய் பதில் சொல்லாமல் மாவு பிசைகிறாள். படம் முழுக்க அந்த ஒரு சுவருக்கு முன்னால்தான்.

சுவரை வெள்ளையாக்கப் பாடுபடுகிறவர்களை உலகம் பார்த்திருக்கிறது. வெள்ளைச் சுவரை அழுக்காக்க மூன்று நாள் லீவு போட்டு உழைத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். டீ டிகாஷனை வடிகட்டி அடுக்கடுக்காகப் பூசினாள். விளக்குக் கரியைத் தண்ணீரில் கரைத்து, அடுப்புக்கு மேலே பிறை போலப் புகை ஏற்றினாள். சுவிட்ச் போர்டைச் சுற்றி எண்ணெய் விரல்கள் தினமும் தேடித் தடவிய வழுவழுப்பை முஷ்டியால் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்தாள். காலண்டர் ஒன்று பல வருடம் தொங்கிய இடத்தில் மட்டும் வெளிறிய சதுரம் விட்டாள். மேலே ஓர் ஆணி ஓட்டை.

ஸ்டேஷன் மாஸ்டர் வாசலில் நின்று பார்த்தார். உள்ளே கால் வைக்கவே கூசியது அவருக்கு.

"பாக்கப் பாக்க வயித்தைக் கலக்குதும்மா."

"ரொம்ப நன்றிங்க சார்" என்றாள் பிசின். அவளுக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது அது.

"என் வீட்டம்மா செவ்வாக்கிழமை தங்கச்சி வீட்டுல இருந்து வர்றாங்க. அதுக்குள்ள..."

"திங்கக்கிழமை பழையபடி வெள்ளை ஆக்கிடுறேன் சார். அவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தெரிஞ்சா உங்க படத்துல அடுத்த சீன் நான்தான். பொணமா நடிக்கணும்" என்றார் அவர்.

தாயாக நடித்தவர் அரசு மருத்துவமனை நர்ஸ். நாடகக் குழுவில் அழவைக்கும் வேடமெல்லாம் அவருக்குத்தான். வெள்ளி, சனி இரண்டு நாள்தான் விடுப்பு. சனிக்கிழமை இரவு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதால் நாலு மணிக்கு விட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம், 'நான் போறேன்மா' என்று மகள் சொல்லும் இடம். நர்ஸ் மாவு பிசைந்துகொண்டிருந்தார். சொல்லைக் கேட்டதும் திரும்பினார். தடுமாறியவர் போலச் சுவரில் கையை ஊன்றினார். ஈர மாவுக் கை. ஊன்றிய கை மெல்லக் கீழே சறுக்கியது. புகைச் சுவரில் வெள்ளையாக ஒரு கை, அதிலிருந்து ஓர் இழுப்பு. யாரும் சொல்லிச் செய்ததில்லை அது. நர்ஸுக்கே தெரியாமல் நடந்தது.

"கட்!" என்று கத்திய டிரைபாடுக்குக் குரல் உடைந்துவிட்டது. "அக்கா, அந்தக் கை! நான் நாலு பக்கம் எழுதின வசனத்தை அந்தக் கை பேசிடுச்சு. வசனமே வேண்டாம், கிழிச்சுப் போடுங்க!"

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் மனப்பாடம் பண்ணாம தூங்கியிருப்பேனே தம்பி" என்றார் நர்ஸ்.

அந்தக் கையைப் பின்னால் வைத்து ஏழு ஷாட் எடுத்தார்கள். வெளிச்சம் போய்விட்டது. தாய் வரும் கடைசி மூன்று ஷாட்டுகளை மறுநாளுக்கு வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பிசின் வந்துவிட்டாள். யாரும் வரச் சொல்லவில்லை. ஆட்டம் நடந்த மறுநாள் காலை. கால் தானாக வந்தது. வேலைக்காகக் கொடுத்திருந்த கொல்லைக் கதவுச் சாவியைப் போட்டுத் திறந்து சமையலறைக்குள் நுழைந்தாள். அழகான சுவரின் நடுவில் காய்ந்த மாவு ஒன்று அப்பிக்கொண்டிருந்தது.

அந்த நிமிடத்தில் அவள் மூளை எங்கே போயிருந்தது என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. கை முந்திக்கொண்டது. பஞ்சை நனைத்து, கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக, சுவர் உரியாமல் மெதுவாக எடுத்தாள். வெளிறிய இடத்தில் டிகாஷன், அதன்மேல் கரி, அதன்மேல் எண்ணெய் முஷ்டி. முக்கால் மணி நேரம். எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். அங்கே ஒரு கை இருந்தது என்று யாராவது சொன்னால் அவன் பொய்யன். அத்தனை சுத்தமான அழுக்கு. திருப்தியோடு போய்த் தெருமுனைக் கடையில் டீ குடித்தாள்.

ஒன்பது மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கேமராக்காரர் கோணம் வைத்துச் சின்னத் திரையைப் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"டைரக்டர், கை எங்க?"

"எந்தக் கை?"

"சுவத்துல இருந்த கை."

"சுவத்துலதான் இருக்கும், வேற எங்க போகும்? கால் முளைச்சு..." என்று சொல்லிக்கொண்டே வந்த டிரைபாட் சுவரைப் பார்த்தான்.

மேசைக்குப் பக்கத்தில் நின்ற பிசினுக்கு அப்போதுதான் உறைத்தது. நாடகத்தில் ஒவ்வொரு நாளும் கதை முதலிலிருந்து தொடங்கும். சுவரும் முதல்நாள் சுவராக இருக்க வேண்டும். சினிமாவில் நேற்று விட்ட நிமிடத்துக்கு அடுத்த நிமிடம்தான் இன்றைக்கு. நேற்றைய காயம் இன்றைக்கும் இருந்தாக வேண்டும். இது தெரியாதவள் இல்லை அவள். தெரிந்தது தலைக்கு, கைக்கு யாரும் சொல்லவில்லை.

கேமராக்காரரின் கண் நேராக வாசலுக்குப் போனது. அங்கே மஞ்சள் துணியோடு ஸ்டேஷன் மாஸ்டர் நின்றிருந்தார்.

"சார், சுவத்தைத் தொட வேண்டாம்னு உங்ககிட்ட எத்தனை தடவை சொல்றது? ஒரு நாள் சுத்தம் பண்ணலைன்னா தூக்கம் வராதா?"

"யாரு, நானா?" பெரியவரின் முகம் சிவந்துபோனது. "முப்பத்தஞ்சு வருஷம் ரயில்வேல இருந்தவன். தொடாதேன்னா தொட மாட்டேன். அந்த ரூமுக்குள்ள போகவே அருவருப்பாருக்கு எனக்கு!"

"அப்ப அதுவா எந்திரிச்சுப் போயிடுச்சா?"

"வீட்டைக் கொடுத்ததுக்குத் திருட்டுப் பட்டம் வேறயா? எல்லாத்தையும் மூட்டை கட்டுங்க. இப்பவே வெளிய போங்க!"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று அந்தக் கணம் அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஒருவரும் அவளைச் சந்தேகப்படவில்லை. வாயைத் திறக்காவிட்டால் பழி மஞ்சள் துணியோடு போய்விடும். நெட்டையன் அடுத்த படத்துக்கும் கூப்பிடுவான். வாயைத் திறந்தால் திங்கட்கிழமை, பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம், இரவு ஒன்பது மணி வரை.

"சார் துடைக்கல. நான்தான் துடைச்சேன்" என்றாள்.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"நீயா?" என்றான் டிரைபாட். "ஏன்?"

"பழக்கம்."

"என்ன பழக்கம்?"

"நாடகத்துல மறுநாள் காலையில சரி பண்ணி வைப்பேன். அதே நெனப்புல... கறைன்னு நெனச்சுட்டேன்."

"கறையா!" அவன் தலையில் கை வைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பிசின் ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "மன்னிச்சிருங்க சார், என்னால உங்களுக்குப் பேச்சு" என்றாள். அவர் கேமராக்காரரை முறைத்தார். கேமராக்காரர் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த லென்ஸ்.

நர்ஸ்தான் காரியத்தில் இறங்கினார். "கை என் கைதானே? மறுபடி வச்சாப் போச்சு" என்று மாவில் தோய்த்துச் சுவரில் வைத்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைத்த மாதிரி, அதது அதனதன் இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்தது. நேற்றுத் தடுமாறிய கை அது இல்லை. துடைத்தாள் பிசின். இன்னொரு முறை வைத்தார். இந்தக் கை யாரையோ அறையப் போகிற கை. அதையும் துடைத்தாள். சுவர் ஊற ஆரம்பித்தது. மணி பத்தரை.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"நல்லாப் போகுதாடி?"

"போகுதும்மா."

"குரல் ஏன் கிணத்துக்குள்ள இருந்து வருது?"

"ஷூட்டிங் நடக்குது, மெதுவாத்தான் பேசணும்."

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்ற. வை போனை. எதுவா இருந்தாலும் சாப்பிட்டுட்டு அழு."

போனை வைத்தவள் நேராக முற்றத்துக்குப் போனாள்.

"ஒரு மணி நேரம் கொடு. நான் வரையறேன்."

டிரைபாட் நிமிரவில்லை. "எதைப் பாத்து வரைவ? அக்கா முகத்துக்குத்தான் தெளிவு வச்சோம். கை பின்னாடி மங்கலாத்தான் இருக்கு. சறுக்கினது, இழுத்தது, ஒண்ணும் முழுசாத் தெரியாது."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"கட்டைவிரல் சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழ. அக்காவுக்குச் சுண்டுவிரல் மடங்கியிருக்கும், ஆஸ்பத்திரி டிராலியில நசுங்கினது. அதனால சுண்டுவிரல் நுனி மட்டும்தான் பட்டிருந்துச்சு, ஒரு அரிசி அளவு. மோதிர விரலும் நடுவிரலும் நடுவுல ஒட்டிகிட்டு. உள்ளங்கையில மேட்டுல மட்டும் மாவு, குழியில சுவரு தெரிஞ்சுது. இழுப்பு நடுவிரல்ல இருந்து வரலை, மணிக்கட்டுப் பக்கத்துல இருந்துதான். முதல்ல அகலம், போகப் போகக் கோடு, அப்புறம் விட்டு விட்டு மூணு சொட்டு."

இப்போது நிமிர்ந்தான். "இவ்வளவும் எப்பப் பாத்த?"

"துடைக்கும்போது" என்றாள். "ஒவ்வொரு விரலா முக்கால் மணி நேரம் துடைச்சேன். நீங்க எல்லாரும் அதைப் பாத்தீங்க. நான்தான் கூடவே இருந்து வழியனுப்பி வச்சேன்."

அவன் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தான்.

"இன்னொண்ணு" என்றாள் அவள். "இன்னைக்கு முதல் ஷாட்டு நேத்து எடுத்த எந்த ஷாட்டுக்கு அப்புறம் வரும்?"

"ஏழாவதுக்கு அப்புறம்."

"ஏழாவதுல மாவு ஓரமெல்லாம் வெளுத்திருக்கும், நடுவுல மட்டும் ஈரம் கருத்துக் கெடக்கும். முதல் ஷாட்டுல மொத்தமும் ஈரம். காய்ஞ்ச கையை வரைஞ்சா தப்பு, ஈரக் கையை வரைஞ்சாலும் தப்பு. பாத்துச் சொல்லு."

டிரைபாட் எழுந்து போய் ஏழாவது ஷாட்டைப் போட்டான். கேமராக்காரரும் குனிந்தார். மங்கலாக இருந்தாலும் அது தெரிந்தது: ஓரம் வெள்ளை, நடு சாம்பல். எடுத்தவருக்கும் தெரியாது, எடுக்கச் சொன்னவனுக்கும் தெரியாது.

"அட," என்றார் கேமராக்காரர். காலையிலிருந்து அவர் வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை.

முதலில் சுவர் காய வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் உள்ளே போய் மனைவியின் தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்தார். "நானே பிடிக்கிறேன், தொடாம" என்று கேமராக்காரர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, கொடி காட்டுகிறவர் மாதிரி கையை நீட்டிச் சுவருக்கு ஓர் அடி தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். பழுதான இடங்களுக்குப் புகை ஏற்றி முடித்தாள் பிசின். மாவில் துளி பசை கலந்து குழைத்தாள். நர்ஸை அதே இடத்தில் நிறுத்தி, சுவரைத் தொடாமல் கையை உயர்த்தச் சொல்லி, விரல்கள் நின்ற இடத்தை மட்டும் கண்ணால் குறித்துக்கொண்டாள்.

பிரஷை அவள் அதிகம் தொடவில்லை. பஞ்சுத் துண்டு, தன் முழங்கை, புறங்கை, ஒரு தீக்குச்சி. விரல் மேடுகளை ஒற்றி எடுத்தாள். சறுக்கலுக்கு மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையின் அடிப்பாகத்தை வைத்து ஒரே இழுப்பு. அது இரண்டாவது முறை செய்ய முடியாத இழுப்பு. கடைசியாகத் தீக்குச்சி முனையில் மூன்று சொட்டு. சுண்டுவிரலுக்கு ஓர் அரிசி.

ஓரத்தைக் காயவிட்டு, நடுவில் மட்டும் ஈரப் பஞ்சால் ஒற்றினாள்.

நர்ஸ் சுவருக்குக் கிட்டே வந்து பார்த்தார். தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "ஏன்டி, இதைப் பாத்தா எனக்கே நேத்து வந்த அழுகை வருது" என்றார்.

"இருங்க அக்கா, வீணாக்காதீங்க!" என்று டிரைபாட் ஓடினான். "கேமரா போகட்டும்!"

மணி பன்னிரண்டு. அடுத்த மூன்று மணி நேரத்தில் இரண்டு ஷாட் முடிந்தன, பதினொரு டேக். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் பிசின் குனிந்து போய் நடுவில் ஈரம் தொட்டுவிட்டு, குனிந்தே வெளியே வந்தாள். நேற்றைய ஷாட்டையும் இன்றைய ஷாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தார்கள். எது மாவு, எது பிசின் என்று பிரிக்க முடியவில்லை. கேமராக்காரர் ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தன் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டினார். அது அவருடைய மன்னிப்பு. பெரியவர் எடுத்துக்கொண்டார், ஆனால் முதலில் கையைக் கழுவிக்கொண்டுதான்.

கடைசி ஷாட்டுக்கு நர்ஸ் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில், டிரைபாட் சமையலறைக்குள் வந்தான். பிசின் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"நாப்பது நாள் ஷூட்டிங்" என்றான்.

"தெரியும்."

"ஒரே வீடு. எல்லாமாச் சேத்து பதினாறு சுவரு."

"ம்."

"இன்னைக்கு ஒரு சுவருக்கே மூணு மணி நேரம் போச்சு."

அவள் பஞ்சையே பார்த்தாள். புதுக் கடையின் கவுன்ட்டர் எந்தப் பக்கம் இருக்கும், வெயில் வாசலுக்கு வருமா என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது.

"அதான் கேக்கறேன். நாப்பது நாளும் எனக்கு முன்னாடி வந்து, எது எங்க எப்படி இருந்துச்சுன்னு பாத்து எனக்குச் சொல்லணும். சுவரு போடறதும் நீதான், காவலும் நீதான். ஆனா நான் சொல்லாம எதுலயும் கை வைக்கக் கூடாது. கறையே இருந்தாலும் சரி. சும்மா நிக்கணும். முடியுமா உன்னால?"

சும்மா நிற்பது சுலபம் என்று சொல்கிறவர்கள் கையில் பிரஷ் பிடித்திருக்க மாட்டார்கள். அவள் நிஜமாகவே யோசித்தாள். வாய்ப்பு வந்துவிட்டதே என்று அவசரமாகத் தலையாட்டுகிற புத்தி அவளுக்கு இல்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். அவற்றிடம் அனுமதி கேட்பது போல.

"கஷ்டம்தான்" என்றாள். "நிக்கறேன்."

"சம்பளம் உண்டு."

"அதை எங்கம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

"சரி" என்றான். இரண்டு நாளாக உடம்பில் ஏறியிருந்த விறைப்பு அப்போதுதான் அவனுக்கு இறங்கியது. பெருமூச்சு விட்டு, அத்தனை நீளக் காலையும் தளர்த்தி, நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தான்.

"டேய்! சாயாத!"

வீடே அதிர்ந்தது. நர்ஸ் புடவையை விட்டுவிட்டார். முற்றத்திலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். படப்பிடிப்புத் தளத்தில் டைரக்டரை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. டைரக்டர் பாதிச் சாய்வில் அப்படியே உறைந்து நின்றான். தோளுக்கும் சுவரிலிருந்த கைக்கும் நடுவே ஓர் அங்குலம்தான் இருந்தது.

பிசின் வந்தாள். அந்த ஓர் அங்குலத்துக்குள் தன் உள்ளங்கையை நுழைத்து, அவனை மெதுவாக முன்னுக்குத் தள்ளி நேராக நிறுத்தினாள். அவனைப் பார்க்கவே இல்லை. குனிந்து, மூன்று சொட்டும் இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.